மழைமானிக்கு ஆயுத பூசை

கம்பம் ஊருக்குத் தெற்கே திராட்சை போட்டிருக்கும் சுருளியாண்டி, அரசாங்கம் மழைமானி வைக்க இடம் கேட்டபோது பந்தலோரத்தில் சும்மாவே கொடுத்தவர். பெய்யும் மழையை அது தானே அளந்து அனுப்பும். அந்தக் கணக்கை அரசாங்கத்தின் இணையப் பக்கத்தில் யாரும் சும்மா பார்க்கலாம். சும்மா கிடைக்கும் எதிலும் சுருளியாண்டிக்கு நம்பிக்கை கிடையாது. ஒரு கம்பெனியின் வானிலைச் செயலிக்கு வருஷச் சந்தா கட்டினார். அது அவர் பந்தலோரத்துக் கணக்கையே எடுத்து, மேகப் படம் போட்டு, அவருக்கே விற்றது. நம் தோட்டத்தை எவ்வளவு கச்சிதமாகச் சொல்கிறான் என்று டீக்கடையில் சொல்லிச் சொல்லி, பழ வியாபாரிகளையும் சந்தா கட்ட வைத்தார். ராஜபாண்டி அவர்களில் ஒருவன்.

ஆயுத பூசைக்கு மறுநாள் குலை வெட்டு. பழத்தை ராஜபாண்டி பேசி முடித்திருந்தான். பூசையன்று காலை மனைவி ராமுத்தாய் மோட்டாரைப் போட, சுருளியாண்டி மருந்தடிக்கும் மிஷினைக் கழுவினார், கத்தரிகளைக் கழுவினார். மழைமானியை மட்டும் விட்டுவிட மனசு வரவில்லை. அரசாங்கச் சாமான் என்பதால் கூடுதல் நேரம் குழாயைப் பிடித்தார். சந்தனம், குங்குமம் வைத்து மாலையும் போட்டார்.

மதியத்துக்கு மேல் ராஜபாண்டி போன் செய்து பழம் வேண்டாம் என்றான். செயலியில் கனமழை காட்டுகிறது, நனைந்த பழம் எர்ணாகுளம் போவதற்குள் அழுகிவிடும். சுருளியாண்டி அண்ணாந்து பார்த்தார். வானம் வெளுத்துக் கிடந்தது. தன் போனைத் திறந்தார். அதிலும் கனமழை. ஒரு கணம் பந்தலுக்குள் ஒதுங்கலாமா என்றிருந்தது.

அரசாங்கப் பக்கத்தைப் பார்க்கச் சொன்னார். ராஜபாண்டி அதையும் பார்த்தான்.

“சும்மா சொல்றவகளும் மழைங்கிறாக, காசு வாங்கிட்டுச் சொல்றவகளும் மழைங்கிறாக. நீங்க ஒருத்தர்தான் வெயிலுங்கிறீகண்ணே.”

மற்ற வியாபாரிகளிடமும் அதே செயலிதான். பழம் இன்னும் இரண்டு நாள் கொடியில் நின்றால் நிஜ மழை வந்து வெடித்துவிடும். பொய்யென்றால் வந்து பார் என்று சுருளியாண்டி கத்தினார். பொய்யைக் கையோடு பிடிக்கவே ராஜபாண்டி வண்டியை எடுத்தான்.

இறங்கி நடந்ததும் புழுதி எழும்பி அவன் வெள்ளை வேட்டியில் படிந்தது. குலைகளைத் தூக்கிப் பார்த்தான். மழை பட்டால் கலைந்துவிடும் சாம்பல் பூச்சு பழத்தின் மேல் அப்படியே இருந்தது. பிறகு, மாலையும் பொட்டுமாக நின்ற மழைமானியைப் பார்த்தான். அதன் காலடியில் மட்டும் சேறு.

“இத யாருண்ணே குளிப்பாட்டுனது?”

சுருளியாண்டி, அரசாங்கம் பார்த்துவிடும் என்பதுபோல் துண்டால் சந்தனத்தைத் துடைத்தார்.

மறுநாள் லோடு ஏறியது. கடைசிப் பெட்டி ஏறும்போது செயலியிலிருந்து வந்த செய்தியை ராஜபாண்டி சத்தமாகப் படித்தான். உங்கள் பகுதியில் பெய்த கனமழையை உடனுக்குடன் சொன்னது நாங்கள்தான், சந்தாவைப் புதுப்பியுங்கள்.

ராமுத்தாய் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டே சொன்னாள்:

“மழைய பேய வச்சது இவுக. சந்தா அவுகளுக்கா?”