கலாவின் கார்டு

இன்று ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை. கேட்டில் தேய்க்கும் கார்டு விவரத்தைச் சம்பள கம்ப்யூட்டருக்குக் கடத்தும் மிடில்வேர் என்ற சாப்ட்வேர், மெமரியெல்லாம் தின்றுவிட்டுத் தினமும் படுத்துக்கொள்கிறதாம்.

திறந்து பார்த்தேன். சம்பளக் கணக்கில் இல்லாத ஒரு கார்டு நம்பரை அனுப்பி அனுப்பித் தோற்று, ஒவ்வொரு முறையும் ஒரு பிரதியை மெமரியில் அடுக்கியிருந்தது.

“யார் நம்பர் இது?”

“ஸ்டிச்சிங் கலா சார். போன மாசம் செத்துப்போய்ட்டாங்க,” என்றார் வாட்ச்மேன்.

இன்று காலையும் அந்தக் கார்டு தேய்க்கப்பட்டிருந்தது.

கலாவின் தோஸ்த் நசீமாதான் எப்போதும் இரண்டு கார்டையும் தேய்ப்பாராம். போய்க் கேட்டேன்.

“அவ லேட்டாதான் சார் வருவா. ஆப்சென்ட் போட்டுடாதீங்க.”

ஒருமுறை அனுப்பு, சேராவிட்டால் அழித்துவிடு என்று செட்டிங்கை மாற்றினேன். மெமரி நிரம்புவது நின்றுவிட்டது. சாயங்காலம் ஷிப்ட் விட்டதும் அதே நம்பர் வந்தது, அழிந்தது.

நசீமாவிடமிருந்து அந்தக் கார்டை வாங்கி வர உங்களில் யாருக்காவது தைரியம் இருக்கிறதா?