முதல் தட்டு கொடுக்க வந்தவருக்கு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தக்காரர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் வணக்கம். அட்டைப் படத்தில் அக்கா சிரிப்பது போல இருக்கும். ஏமாந்துவிடாதீர்கள். படம் எடுத்தவரிடம் "இத்த வெச்சுக்கினு இன்னா பண்ணப் போற?" என்று கேட்க வாயைத் திறந்த நேரத்தில் எடுத்தது அது.

முதலாம் ஆண்டு நினைவுக்கு அக்காவைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்றார்கள். படித்தவர்கள் எல்லோருக்கும் அன்று பார்த்து வேலை வந்துவிட்டது. கடைசியில் என்னிடம் வந்தது. நான் ஐந்தாம் வகுப்பை இரண்டு முறை படித்தும் அது என்னைப் படிக்க விடவில்லை. ஆகவே நான் சொல்லச் சொல்ல அக்காவின் மகள் திருத்தி எழுதுகிறாள். "பிறந்தார், வளர்ந்தார்" என்ற மரியாதை எல்லாம் அவள் போட்டது. நேரில் நான் அக்காவை அப்படிப் பேசியிருந்தால், "இன்னாடா திருட்டுத்தனம் பண்ணிட்டு வந்து நிக்கிற?" என்றுதான் கேட்டிருப்பார்.

அக்கா பிறந்தது அண்ணனூரில், ரயில் ஷெட்டுக்குப் பக்கத்து வரிசை வீட்டில். அப்பா ஆவடி தொழிற்சாலை கேன்டீனில் கான்ட்ராக்ட் ஆளாகப் பாத்திரம் கழுவியவர். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் என்னை வளர்த்தது அக்காதான். நான் ஆட்டோ ஓட்டும் ஆளாக வளர்ந்ததற்கு அவரைக் குறை சொல்லக் கூடாது. சரக்கு அப்படி.

வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரிக்கு வாட்ச்மேனாக இருக்கும் மாமாவுக்கு அக்காவைக் கட்டிக் கொடுத்தார்கள். பெண் பார்க்க வந்தபோது மாமா வரதட்சணை வேண்டாம் என்றாராம். அக்கா உள்ளேயிருந்து, "வோணாம்னு சொல்றான்னா ஏதோ கோளாறு கீது, விசாரிங்க" என்றாராம். விசாரித்ததில் கோளாறு எதுவும் இல்லை. ஆனாலும் கடைசி வரை அக்கா விசாரணையை முடித்துக்கொள்ளவில்லை. "உங்க அக்கா என்னிய இன்னும் பெண்டிங்லதான் வெச்சிக்கீறா" என்று மாமா சொல்வார்.

திருமுல்லைவாயிலில் குடியேறிய பிறகு, அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிச் சாமான் செய்யும் ஒரு கம்பெனியில் அக்கா பேக்கிங் வேலைக்குப் போனார். எங்கள் தெருவில் பாதிப் பெண்களுக்கு அங்கேதான் வேலை. பிறகு ஆர்டர் குறைந்தது. முதலில் ஓவர்டைம் போனது, அப்புறம் ஷிஃப்ட் போனது, அப்புறம் ஒரு திங்கட்கிழமை கம்பெனி கேட்டே திறக்கவில்லை. கான்ட்ராக்ட் ஆட்களுக்கு யாரும் காரணம் சொல்வதில்லை. தெருவில் மதிய நேரத்தில் குக்கர் சத்தம் குறைந்ததை வைத்துத்தான் யார் வீட்டில் என்ன நிலைமை என்று தெரிந்தது.

அப்போதுதான் உதவி செய்ய ஆட்கள் வரத் தொடங்கினார்கள். உதவி வந்தால் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். அக்கா மட்டும் தெருமுனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

முதலில் ஒரு வேன் வந்தது. சித்திரை வெயிலில் கம்பளி கொண்டுவந்தார்கள். ஆளுக்கு ஒன்று கொடுத்து, நிற்க வைத்து, படம் எடுத்தார்கள். அக்கா அவர்களுடைய தலைவரைக் கூப்பிட்டு, "சார், கொஞ்சம் அந்தக் கம்பளியப் போத்திக்கினு பேசுங்க, எனக்கு சரியா கேக்கல" என்றார். அவர் போர்த்தவில்லை. வேன் மறுபடியும் வரவும் இல்லை.

அடுத்து வந்தவர்கள் எதுவும் கொண்டுவரவில்லை. ஆதார் நகலும் கைரேகையும் கேட்டார்கள். "அரிசி அப்பறமா வரும்" என்றார்கள். "அப்ப ரேகையும் அப்பறமா வரும்" என்று அக்கா அனுப்பிவிட்டார். நான் அதற்குள் அவசரப்பட்டு வைத்துவிட்டேன். அந்தக் கட்டைவிரல் இப்போது எந்த ஊரில் என்ன வாங்கிக்கொண்டிருக்கிறதோ தெரியவில்லை.

மூன்றாவதாக வந்தவர்கள்தான் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புப் பெண்கள். அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் வெளியூரிலிருந்து வந்து ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். அந்தப் பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்திருந்தார்கள். அவர்களுக்குக் கவிதா என்ற கோயம்புத்தூர்ப் பெண் முன்னால் நின்றார்.

"ஏனுங்க்கா, மளிகையெல்லாம் நாங்க வாங்கித் தர்றோமுங்க. நீங்களே சமைச்சு, தெருவே ஒண்ணா மத்தியானம் சாப்பிடலாமுங்களா?" என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "இன்னாடா இது, இவ்ளோ மரியாத? நிச்சயம் இதுல ஏதோ கீது."

பிறகு கவிதாவிடம் கேட்டார். "உங்களுக்கு இன்னாம்மா லாபம்?"

"லாபம் ஒண்ணுமில்லீங்க்கா."

"லாபம் இல்லாம யாரும் இந்த வெயில்ல வர மாட்டாங்க. சரி, ஒரு கண்டிசன். குடுக்கறவங்கதான் மொதல்ல துன்னணும். எங்க கூட, இதே பாயில, இதே தட்டுல. நீங்க துன்னு நல்லா கீதுன்னாத்தான் எங்க புள்ளைங்க கைய வெக்கும்."

மற்றப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் கோபித்துக்கொண்டே போய்விட்டார். கவிதா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பாயில் உட்கார்ந்து, "எங்கீங்க்கா தட்டு?" என்றார்.

அப்படித் தொடங்கியது எங்கள் தெருச் சமையல். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் கொட்டகை போட்டோம். சமைப்பது எங்கள் தெருப் பெண்கள், மளிகை அந்தக் குழு, அதை ஏற்றி வருவது என் ஆட்டோ. தினமும் முதல் தட்டு கொடுக்க வந்தவருக்கு. தினமும் கவிதா வந்தார், தினமும் சாப்பிட்டார். மற்றவர்கள் ஒரு வாய் வைத்துவிட்டு "சூப்பர்" என்று எழுந்துவிடுவார்கள். கவிதா மட்டும் தட்டை வழித்துச் சாப்பிடுவார். அதுவும் அக்காவுக்குச் சந்தேகம். "ஊட்டுல ஏசி கீது, இங்க வந்து இந்த வெயில்ல இப்டித் துன்னுது. நீ நம்பறியாடா?" என்பார்.

நான் எதையும் நம்புவேன். ஆட்டோவில் ஏறி "சில்லறை மறந்துட்டேன், நாளைக்குத் தரேன்" என்பவரையே நம்புபவன் நான்.

சில வாரம் போனது. பக்கத்து வீட்டுச் சரசாம்மா ஒருநாள் அக்காவைத் தனியே கூப்பிட்டார். அக்காவோடு அதே கம்பெனியில் வேலை செய்தவர். வாய் கொஞ்சம் நீளம். அவரே இதைப் படிப்பார் என்பதால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

"உன் கோயமுத்தூர்க்காரி பண்றத பாத்தியா? டெய்லி அடுப்பாண்ட வந்து தூக்குல சோத்தையும் கொழம்பையும் ரொப்பிக்கினு ஸ்கூட்டர்ல போறா. ஊருக்கு வெச்ச சோறு! எங்க போவுது? எவனுக்கோ விக்கறாளா?"

பின்னால் நின்ற பெண்களும் தலையாட்டினார்கள். "நாளைக்கு அவளக் கேட்டுட்டு அனுப்பிடலாம். நமக்கு எவன் தயவும் வேணாம்" என்றார் ஒருவர்.

கேட்டு அனுப்பிவிட்டால் மளிகை நின்றுவிடும். மளிகை நின்றால் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு நிற்கும். அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கோபம் அப்படி இருந்தது. தெருவிலேயே அதிகமாகச் சந்தேகப்படுபவர் என்ற தகுதியில், கையும் களவுமாகப் பிடிக்கும் பொறுப்பு அக்காவுக்கு வந்தது. போலீஸ் ஜீப் என் ஆட்டோ.

மறுநாள் கவிதாவின் ஸ்கூட்டருக்குப் பின்னால் போனோம். நான் துப்பறியும் ஆள் போலத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டேன். "டேய், ஆட்டோ மேல உம் பேரு எழுதிக்கீது. துண்டு எதுக்கு?" என்றார் அக்கா.

ஸ்கூட்டர் அடுக்குமாடிப் பக்கம் போகவில்லை. அண்ணனூர் ஸ்டேஷனுக்குப் போனது. அக்காவுக்கு முகமெல்லாம் வெற்றி. "பாத்தியா, ஸ்டேஷன்ல விக்கிறா!"

பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பக்கத்தில் லேப்டாப் பை, கழுத்தில் கம்பெனி அட்டை. கவிதா தூக்கைத் திறந்து வைத்தார். அவர் சாப்பிடத் தொடங்கினார். அக்கா நேராகப் போய் நின்றார்.

"இன்னா ரேட்டு?"

அந்த மனிதர் சோற்றுக் கையோடு எழுந்துவிட்டார். கவிதாவுக்கு முகம் வெளுத்தது.

"அக்கா... இவரு என்ற வீட்டுக்காரருங்க்கா."

"அப்ப ஊட்டுல துன்றதுக்கு இன்னா?"

கவிதா தலையைக் குனிந்துகொண்டார். "கம்பெனில நெறைய பேர வேலைய விட்டு எடுத்துட்டாங்க்கா. இவரையுந்தானுங்க. அபார்ட்மெண்ட்ல யாருக்கும் தெரியாதுங்க. ஊர்ல மாமனாருக்கும் தெரியாதுங்க. காலைல வேலைக்குப் போறாப்ல கிளம்பி வந்து, சாயங்காலம் வரைக்கும் இங்கதானுங்க உக்காந்திருக்காரு. எல்லாம் வீட்டுத் தவணைக்கே போயிருதுங்க. குழுவுல முன்னாடியே பேரு குடுத்துட்டேனுங்க. திடீர்னு நின்னா ஏன்னு கேப்பாங்கல்லீங்க..."

அக்கா தூக்குக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு அந்த மனிதரிடம் கையை நீட்டினார். "அந்த அட்டையக் காட்டு."

அவர் கழற்றிக் கொடுத்தார். முழுக்க இங்கிலீஷ். அக்கா பார்த்துவிட்டு என்னிடம் தந்தார். நான் ரொம்ப நேரம் படித்தேன். எனக்குப் புரிந்தது படம் மட்டும்தான். படத்தில் இருந்தவர் கொஞ்சம் குண்டாக இருந்தார். அதையே சொன்னேன். அக்கா அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

"வெறும் கொழம்பு சோறு துன்னா நெஞ்ச அடைக்கும். நாளைக்கு ரசமும் எடுத்துக்கினு வா" என்று கவிதாவிடம் சொல்லிவிட்டு வந்து ஆட்டோவில் ஏறினார்.

திருமுல்லைவாயில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே நின்றபோது, "தெருவுல இன்னாடா சொல்றது?" என்றார்.

"உண்மைய சொல்லு."

"சொன்னா, அந்தப் பொண்ணு அப்பறம் நம்ம தெருவுல தல காட்டுமா? வேலைக்காரி மொதக்கொண்டு அந்த அபார்ட்மெண்டுக்கு நம்ம தெருவுலருந்துதான் போறா. சாயங்காலத்துக்குள்ள பத்தாவது மாடி வரைக்கும் போயிடும்."

"அப்ப பொய் சொல்லு."

"எனக்கு வராது. உனக்குத்தான் நல்லா வரும். ஒண்ணு குடு."

வாழ்க்கையில் என் படிப்பை அக்கா மதித்தது அந்த ஒரு முறைதான். "ஸ்டேஷன்ல ஒரு பிச்சக்காரருக்குக் குடுக்கறாங்கன்னு சொல்லு" என்றேன். "சரசா நேர்ல போயி அந்த ஆள விசாரிச்சுட்டு வருவா" என்று தள்ளிவிட்டார். "சாமிக்குப் படைக்கிறாங்க" என்றேன். "எந்த சாமிடா லேப்டாப் வெச்சிக்கினு குந்தினுகீது?" என்றார். கேட் திறக்கும் வரை நான் சொன்ன எதுவும் தேறவில்லை.

கொட்டகையில் பெண்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். "புடிச்சியா?" என்றார் சரசாம்மா.

"இன்னாத்தப் புடிக்கறது? நான்தான் குடுத்தனுப்ச்சேன்" என்றார் அக்கா.

"நீயா?"

"ருசி பாக்க. இங்க வந்து ஒருத்தி துன்னு நல்லா கீதுன்னா போதுமா? மூஞ்சிக்கு நேரா யாரு குறை சொல்லுவா? ஊட்டுல கீறவனும் துன்னு பாத்து சொல்லணும். அதான் குடுத்தனுப்ச்சு, போயி பாத்துட்டு வந்தேன். ரசம் இல்லன்னு சொன்னாங்க. நாளைலேருந்து குடுக்க வர்ற அத்தினி பேரும் ஊட்டுக்கு ஒரு டப்பா எடுத்துக்கினு போணும். இல்லன்னா உள்ள உட மாட்டேன்."

சரசாம்மா அக்காவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு "சரி" என்றார். அவர் அவ்வளவு சின்னதாகப் பேசி நான் அதற்குமுன் கேட்டதில்லை. எனக்கே அந்தச் "சரி" மேல் சந்தேகம் வந்தது.

மறுநாள் முதல் குழுப் பெண்கள் எல்லோரும் ஆளுக்கொரு டப்பாவோடு போனார்கள். சிலர் முணுமுணுத்தார்கள். சில டப்பாக்கள் மறுநாள் மீதிச் சோற்றோடு திரும்பி வந்தன. கவிதாவுடையதோடு இன்னும் இரண்டு டப்பாக்கள் மட்டும் துடைத்து வைத்தது போல வந்தன. அவை யாருடையவை என்று அக்கா பார்த்துக்கொண்டார். அந்த மூன்றிலும் சோற்றை அழுத்தி வைத்தார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. ஊரையே விசாரித்த அக்கா, அங்கே மட்டும் விசாரிக்கவில்லை.

எஸ்டேட்டில் மெதுவாக ஆர்டர் வரத் தொடங்கும் வரை அந்த அடுப்பு எரிந்தது. அந்தக் குழுப் பெண்கள் தையல் ஆர்டர்களும் பிடித்துக் கொடுத்தார்கள். அக்கா ஒவ்வொரு துணியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகுதான் வாங்கினார். கவிதாவின் கணவருக்கும் வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. அக்காவைக் கம்பெனி திரும்பக் கூப்பிடவில்லை. அதற்குள் அவருக்குக் கிட்னி கெட்டிருந்தது.

ஆஸ்பத்திரியிலும் அக்கா மாறவில்லை. டாக்டரிடம் அவர் எங்கே படித்தார் என்று கேட்டார். மாத்திரையை முகர்ந்து பார்த்தார். கடைசி வாரத்தில் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ நெஜமாவே நல்லவன்தான் போலகீது" என்றார். மாமா அழுதுகொண்டே, "இப்பவாவது கேஸ மூடினியே" என்றார். ஒரு விடியற்காலையில் அக்கா எங்களை விட்டுப் போனார்.

காரியத்தன்று கவிதாவும் அவர் கணவரும் வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் கவிதா தெருப் பெண்கள் நடுவில் நின்று, ஸ்டேஷன் பெஞ்சில் நடந்ததை எல்லாம் தானே சொல்லிவிட்டார். இதை மலரில் போடச் சொன்னதும் அவர்தான். நான் பக்கத்தில் நின்று, தெருவே பொங்கப் போகிறது என்று பயந்துகொண்டிருந்தேன்.

சரசாம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு, "இத்த சொல்லவா இப்டி அழுவற? ஏதோ கஷ்டம்னு எங்களுக்கு அன்னிக்கே தெரியும்" என்றார்.

"எப்டி?" என்றேன் நான்.

"டேய் நைனா, உங்க அக்கா கட்டின புருசன நம்பி பால் வாங்கக் கடைக்கு அனுப்ச்சதில்ல. அவ போயி தூக்குல சோத்த ரொப்பி, போயி ருசி பாத்துட்டு வாம்மான்னு ஒரு வெளியூர்ப் பொண்ணுகிட்ட குடுத்தாளாம்! இத்த நாங்க நம்பணுமாம்!"

"அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல?"

"யாரையும் நம்பாதவளே ஒருத்திய நம்பிட்டு வந்து நிக்கிறா. அதுக்கு மேல எங்களுக்கு இன்னாடா வோணும்?"

அக்காவின் கடைசி நாட்களில் ரத்தம் கொடுத்தவர்களுக்கும், ஆஸ்பத்திரி வாசலில் எங்களோடு காத்துக் கிடந்தவர்களுக்கும், தோள் கொடுத்துத் தூக்கிச் சென்றவர்களுக்கும், அடுக்குமாடிக் குழுப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எல்லோரையும் விட, அக்கா சொன்ன ஒரே பொய்யைத் துளியும் நம்பாமல், நம்பியது போலவே இருந்து, மாதக்கணக்கில் ரசம் ஊற்றிக் கொடுத்த எங்கள் தெருப் பெண்களுக்கு நன்றி. அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. அந்தப் பொய்யை நடத்திக் காட்டியது நீங்கள்தான்.

இப்படிக்கு,
தம்பி