சங்கு ஜீப்புக்குப் பவர் ஸ்டியரிங்

அரசாங்க வண்டியில் தேய்ந்த உறுப்பை எடுத்துவிட்டு வேறொன்றைப் பூட்டினால் அது பழுதுபார்ப்பு. இல்லாத உறுப்பைப் புதிதாகச் சேர்த்தால் அது மாற்றியமைப்பு. முதலாவதற்கு என் கையெழுத்து போதும். இரண்டாவதற்குக் கோப்பு சென்னை வரை போய், அங்கே சில மாதங்கள் படுத்துக் கிடந்துவிட்டு, ஒரு கேள்வியோடு திரும்பி வரும். எழுபதுகளின் முதல் பாதியில் தூத்துக்குடியில் எங்கள் அலுவலக ஜீப்புக்குப் பவர் ஸ்டியரிங் பூட்டினேன். அதை எந்த வகையில் சேர்த்திருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. அலுவலகத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. ஓய்வூதியம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

கடற்கரை நெடுகச் சங்கு குளிக்கும் இடங்களுக்குப் போய், அன்றன்று எடுத்த சங்கை மூட்டை கட்டிக் கிடங்குக்குக் கொண்டுவருவதுதான் அந்த ஜீப்பின் வேலை. பாதை என்று ஒன்று கிடையாது. தேரிக் காட்டுச் செம்மணல், கடல் மணல், நடுவில் உப்பளங்களின் வரப்பு. மணலில் புதையாமல் இருக்க அகலமான டயர் போட்டிருந்தோம். புதையவில்லை, ஆனால் நின்ற நிலையில் ஸ்டியரிங்கைத் திருப்ப இரண்டு ஆள் பலம் வேண்டும். எங்கள் டிரைவருக்கு அந்தப் பலம் இருந்தது. ஆற்றங்கரை நெல்வயல் ஊர்க்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் அலுவலகத்துக்கு வெளியே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அலுவலகத்துக்கு உள்ளே டிரைவர்.

ஜீப்பின் செல்ஃப் ஸ்டார்ட்டர் ஒரு நாள் செத்துப்போனது. புதிது வாங்க அவர் எழுதிக் கொடுத்த இண்டென்ட் படிவத்தின் மூன்றாவது நகலில் கையெழுத்து இல்லை. நான் திருப்பி அனுப்பினேன். விதிப்படி சரியான காரியம். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கையெழுத்திட்ட நகல் வருவதற்குள் ஒருநாள் காலையில் அவர் முன்பக்கம் கைப்பிடியைச் செருகிச் சுழற்றியபோது எஞ்சின் திருப்பி அடித்தது. வலது தோள் கழன்றுவிட்டது.

நான்கு மாதம் மருத்துவ விடுப்பு. மூட்டு சேர்ந்துவிட்டது, பலம் இனி வராது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அவ்வளவு நாள் விடுப்பிலிருந்து வரும் டிரைவர், திருநெல்வேலியிலிருந்து வரும் ஆய்வு அதிகாரியின் முன்னால் வண்டி ஓட்டிக் காட்ட வேண்டும். தேறாவிட்டால் வேலைக்குத் தகுதியற்றவர் என்று வீட்டுக்கு அனுப்புவார்கள். காவலாளி இடம் காலியாக இருந்தால் அதைக் கொடுக்கலாம். காலியாக இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்தப் பதிவேடு என் மேசையில்தான் இருந்தது. அவருக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் பாக்கி. வீட்டில் சம்பளம் வாங்குகிறவர் அவர் ஒருவர்தான்.

விடுப்பு முடிய மூன்று வாரம் இருக்கும்போது அவரை ஜீப்போடு கடற்கரைக்கு அழைத்துப் போனேன். சாலையில் பிசகில்லாமல் ஓட்டினார். மணலில் இறக்கி வளைக்கச் சொன்னேன். பாதி வளைவில் ஸ்டியரிங் நின்றுவிட்டது. அவர் முகம் வேர்த்திருந்தது.

“வலி இல்ல சார். பலந்தான் இல்ல. இங்கன வந்ததும் கை நின்னு போவுது.”

“பழகப் பழகச் சரியாயிருமா?”

“ஒரு வாரமா விடியக்காலம் வந்து பழகிக்கிட்டுத்தான் இருக்கேன். இது எனக்குத் தெரியாம இருக்குமா சார்?”

ஒரு கப்பல் ஏஜெண்டிடம் வெளிநாட்டுக் கார் ஒன்று இருந்தது. படகு அளவு நீளம். ஒருமுறை அதில் போனபோது, அதன் டிரைவர் ஒரு விரலால் அதைக் குறுகிய தெருவில் வளைத்ததைப் பார்த்திருக்கிறேன். கேட்டதற்கு, எஞ்சினோடு ஓடுகிற பம்பு எண்ணெயை அழுத்தி அனுப்புகிறது, அந்த எண்ணெய்தான் சக்கரத்தைத் தள்ளுகிறது, நாம் தொட்டால் போதும் என்றார். உப்புக் காற்று அந்தக் காரின் உடம்பைத் தின்று, இப்போது அது பழைய இரும்புக் கடையில் கிடந்தது. போய்ப் பார்த்தேன். தகரம்தான் போயிருந்தது. பம்பும், வால்வும், ஒரு முழ நீளச் சிலிண்டரும், ரப்பர்க் குழாய்களும் நன்றாகவே இருந்தன. ‘ஸ்டியரிங் பழுதுபார்க்கக் கிடைத்த உதிரிப் பாகங்கள்’ என்று எழுதி உள்ளூர்க் கொள்முதலில் வாங்கினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நான் படித்த மிஷன் பள்ளியில் பொய் சொன்னால் பிரம்பு. பாதி மட்டும் சொன்னால் அதற்குத் தண்டனை எதுவும் வகுத்திருக்கவில்லை.

பூட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை. ஊரில் இருந்த கார் பட்டறைக்காரர்கள் ஜீப்பையும் சிலிண்டரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். கடைசியில் லாஞ்சுப் படகுகளுக்கு எஞ்சின் பூட்டுகிற மேஸ்திரி ஒருவரிடம் போனேன். கழுத்தில் சிலுவை, காதில் பென்சில். முடியாது என்ற சொல் அவர் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை. கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவே அவருடைய கொட்டகை. சிலிண்டரை அங்கே கொண்டுபோய்ப் போட்டேன். அதன் தண்டை இழுத்துப் பார்த்தார், தள்ளிப் பார்த்தார்.

“இது ஒண்ணுமில்ல சார். எண்ணெ தள்ளுது, தண்டு நவுருது. நம்ம சுக்கான் மாதிரித்தான்.”

“ஜீப்புல பூட்டியிருக்கீங்களா மேஸ்திரி?”

“ஜீப்பு தண்ணியில போவுமா சார்? போவாதுல்லா. அப்போ இது இன்னும் லேசு.”

வேலை சுத்தமாகத்தான் செய்தார். எஞ்சினின் முன்பக்கக் கப்பியில் ஒரு பெல்ட் ஓடத்தான் பள்ளம் இருந்தது. லேத்தில் கொடுத்து இரண்டு பள்ளம் உள்ளதாகக் கடைந்து வாங்கினார். அந்த இரண்டாவது பெல்ட்டில் பம்பு ஓடியது. ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியின் நடுவே வால்வைச் செருகினார். சிலிண்டரின் ஒரு முனை சட்டத்தில், மறுமுனை சக்கரங்களை இணைக்கும் கம்பியில். வால்விலிருந்து சிலிண்டருக்கு இரண்டு குழாய்கள்: எண்ணெய் ஒன்றின் வழியாகப் போனால் சக்கரம் ஒரு பக்கம் திரும்பும், மற்றதன் வழியாகப் போனால் மறுபக்கம். பன்னிரண்டு நாள் ஆனது. அதிகாரி வர இரண்டே நாள் இருந்தது.

எல்லா நடைமுறையும் தெரிந்த நான் அன்றைக்கு ஒன்றை விட்டுவிட்டேன். முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் வண்டியைத் தரையில் இறக்க வேண்டும். நாள் இல்லை என்ற அவசரத்தில், எண்ணெய் ஊற்றியதும் அண்ணாச்சியை ஏறச் சொன்னேன்.

கொட்டகை வாசலிலிருந்து பத்தடி நேராக வந்தார். வலது பக்கம் பாதை. இடது பக்கம் உப்புப் பாத்தி. வலது பக்கம் லேசாகத் திருப்பினார். ஸ்டியரிங் அவர் கையைப் பிடுங்கிக்கொண்டு இடது பக்கம் கடைசி வரை சுற்றியது. ஜீப் வரப்பை உடைத்து மூக்கு முன்னாகப் பாத்திக்குள் இறங்கி, உப்புத் தண்ணீரில் நின்றது.

உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்தினார்கள்.

“ஏளா, இங்கன வந்து பாரு. சர்க்காரு ஜீப்பு உப்பு வாரதுக்கு வந்திருக்கு.”

“கூலி என்னன்னு கேட்டுட்டு எறங்கச் சொல்லு. நம்மளுக்குக் குடுக்கதுதான் குடுப்பாவ.”

அண்ணாச்சி தோளைப் பிடித்தபடி இறங்கி வந்தார். அடி பலமில்லை. “நான் வலதுதான் சார் திருப்புனேன். அது போவலை. என்னைய மீறி இடது போவுது” என்றார். குரலில் கோபம் இல்லை. அந்தக் கோபமின்மைதான் எனக்குத் தாங்கவில்லை.

மேஸ்திரி அசையவில்லை. “வலது திருப்புனீயளா?”

“ஆமா.”

“இடது போச்சா?”

“ஆமாய்யா.”

“அப்போ சரியாத்தானே இருக்கு.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கேலி செய்யவில்லை. முப்பது வருஷமாகக் கடலில் சுக்கானின் பிடியைப் பிடித்தவர். பிடியை வலது பக்கம் தள்ளினால் படகின் மூக்கு இடது பக்கம் போகும். போகாவிட்டால்தான் அவருக்குக் கோளாறு. சிலிண்டருக்குப் போகும் இரண்டு குழாய்களையும் அந்தக் கணக்கிலேயே மாட்டியிருக்கிறார். டிரைவர் ஒரு பக்கம் தொட, எண்ணெய் மறுபக்கம் தள்ள, இருவர் சண்டையில் எண்ணெய் ஜெயித்திருக்கிறது.

“மேஸ்திரி, இதுல பிடி கிடையாது. வட்டமா இருக்கு பாருங்க. எந்தப் பக்கம் திருப்புறமோ அந்தப் பக்கம் போகணும்.”

“அது எப்படி சார்?” என்றவர், சற்று நேரம் காற்றில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அண்ணாச்சியிடம், “நீங்க இத்தன வருசமா அப்படியா ஓட்டுதிய?” என்று கேட்டார்.

“வேற எப்படிவே ஓட்டுவாவ?”

“எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுல்லா” என்றார் மேஸ்திரி. அதை அவரிடம் கேட்க எனக்கும் தோன்றவில்லை.

அந்தப் பெண்கள் பின்னாலிருந்து தள்ள, ஜீப் மேலே வந்தது. மேஸ்திரி அடியில் படுத்து இரண்டு குழாய்களையும் இடம் மாற்றினார். பத்து நிமிஷ வேலை. இந்த முறை ஜாக்கியில் தூக்கி வைத்தோம். அண்ணாச்சி இடது கையால் ஸ்டியரிங்கைத் தொட்டார். சக்கரங்கள் சொன்ன பக்கம் திரும்பின.

மறுநாள் மணலில் பழகிப் பார்த்தபோது வேறொரு சிக்கல் வந்தது. இறுகின மணல் எது, இளகின மணல் எது என்பது முன்பெல்லாம் ஸ்டியரிங் வழியாகவே அவர் கைக்குத் தெரியும். இப்போது கைக்கு எதுவும் வரவில்லை. இரண்டு இடத்தில் புதைத்துவிட்டார். “ரொம்ப லேசாப் போச்சு சார். மணலு பேச மாட்டேங்குது” என்றார். எதிர்பார்த்திருக்க வேண்டும், எதிர்பார்க்கவில்லை. ஆனால் அதற்கு விதியில் மருந்து இல்லாததால், அவரிடமே விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் காலை அதிகாரி வந்தார். கடற்கரையில் இரண்டு தார் டிரம்களை நிறுத்தி, அவற்றைச் சுற்றி எட்டு போடச் சொன்னார். அண்ணாச்சி வண்டியில் ஏறவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு அந்த எட்டை மெல்ல நடந்தார். இரண்டு இடத்தில் நின்று குதிகாலால் அழுத்திப் பார்த்தார். ஒரு இடத்தைச் சுற்றிப் போனார்.

“என்ன செய்கிறார்?” என்றார் அதிகாரி.

“பாதையை ஆய்வு செய்கிறார் சார். ஓட்டுவதற்கு முன் பாதையைப் பார்க்க வேண்டியது டிரைவரின் கடமை.”

பிறகு ஏறி, எட்டைப் போட்டார். இடது கை மட்டும். வலது கை ஸ்டியரிங்கின் மேல் விருந்தாளி போல உட்கார்ந்திருந்தது. ஒரு முறை போட்டது போதாதென்று, யாரும் கேட்காமலேயே பின்பக்கமாகவும் ஒன்று போட்டார். டிரம்மில் உரசவில்லை, மணலில் புதையவில்லை.

அதிகாரி முட்டாள் இல்லை. தானே ஏறி ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பானெட்டைத் திறக்கச் சொன்னார். பம்பை நெடுநேரம் பார்த்தார்.

“இது என்ன?”

“ஸ்டியரிங் பழுதுபார்ப்பு சார். கோப்பு இருக்கிறது.”

“இது இல்லாத வண்டியில் இவரால் ஓட்ட முடியுமா?”

“அவர் பொறுப்பில் உள்ள வண்டியை, அது வழக்கமாகப் போகிற பாதையில் ஓட்ட முடிகிறதா என்பதுதான் பரிசோதனை. வேறு வண்டி அவர் பொறுப்பில் இல்லை.”

அவர் என்னைப் பார்த்தார். நான் விதிப் புத்தகத்தை, பக்கத்தில் காகிதம் செருகி, அவர் வந்த காரின் மேல் தயாராக வைத்திருந்தேன். அவர் அதைத் திறக்கவில்லை. தகுதிச் சான்றிதழில் கையெழுத்திட்டு, அதற்குக் கீழே தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்: இந்த வண்டியை ஓட்டுவதற்கு மட்டும்.

அவருடைய கார் போன பிறகு சான்றிதழை அண்ணாச்சியிடம் கொடுத்தேன். கடைசி வரியை இரண்டு முறை படித்தார்.

“அப்போ இந்த வண்டிய ஓட லாயக்கில்லன்னு கண்டம் பண்ணிட்டா என்னையும் சேத்துக் கண்டம் பண்ணிருவாவளா சார்?”

“ஆமா.”

“இது ஏற்கெனவே கெழடு.”

“அண்ணாச்சி, வண்டியைக் கண்டம் பண்ணணும்னா என் மேசைக்குத்தான் வரணும்.”

ஆறு வருஷம் அந்தக் கோப்பு வந்தது. ஒவ்வொரு ஆண்டும், வயதான வண்டிகளின் பட்டியலில் அந்த ஜீப்பின் எண் முதலில் இருக்கும். ஒவ்வொரு ஆண்டும் நான் ஒரு கேள்வி எழுதித் திருப்பி அனுப்பினேன். டயர்களின் தேய்மானம் தனியாகக் காட்டப்படவில்லை. பழுதுபார்ப்புப் பதிவேட்டின் நகல் இணைக்கப்படவில்லை. மூன்றாவது நகலில் கையெழுத்து இல்லை. அண்ணாச்சி ஓய்வு பெற்ற மாதத்தில் வந்த பட்டியலில் எந்தக் குறையும் எனக்குத் தென்படவில்லை.