கார்க் நகரில் மறுபடியும் ஸ்டியரிங்

அயர்லாந்தில் பேருந்தைவிட்டு இறங்குகிறவர்கள் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள்கூட "தாங்க்ஸ்" என்று கத்திக்கொண்டே குதிக்கிறார்கள். கார்க் நகரத்துக்கு வந்த புதிதில், பயணியாக உட்கார்ந்து இதைக் கேட்கும்போதெல்லாம் என் பழைய வண்டி நினைவுக்கு வரும். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பல வருஷம் தனியார் பேருந்து ஓட்டியவன் நான். அங்கே யாரும் நன்றி சொன்னதில்லை, "ஏன் அண்ணாச்சி, ஸ்டாப்புல நிப்பாட்ட மாட்டியளா?" என்று வைதவர்களே அதிகம். ஆனாலும் என்னை நம்பித் தூங்கிக்கொண்டு வந்தார்கள்.

ஒரு மழைக்காலக் காலையில் எல்லாம் போயிற்று. குறுக்கே பாய்ந்த ஆடுகளுக்காக ஸ்டியரிங்கை ஒடித்தேன். பேருந்து ஓடைக்குள் சரிந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. சந்தைக்குப் பூ கொண்டுபோன ஓர் அம்மாவுக்குக் கால் முறிந்தது. என்மேல் தப்பில்லை என்று போலீசும் முதலாளியும் சொன்னார்கள். அந்த அம்மாவே ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, "நீ என்னய்யா செய்வ, ஆடுல்லா வந்துச்சு" என்றார். யார் சொல்லியும் என் கை கேட்கவில்லை. ஸ்டியரிங்கைத் தொட்டாலே நடுங்கியது. அதுவரை சைக்கிள்கூட ஓட்டியிராத என் மனைவி செல்வி, ஸ்கூட்டர் பழகி என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனாள். நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பிழைப்புக்காக இங்கே இறைச்சித் தொழிற்சாலைக்கு வந்தபோது, இனி வண்டி ஓட்டுவதில்லை என்று முடிவு கட்டியிருந்தேன். ஆனால் பேருந்து ஓட்ட ஆள் தேவை என்று உடன் வேலை செய்தவர்கள் பயிற்சிக்குப் போக, அரைமனதோடு நானும் போனேன்; பயிற்சியில் நடுக்கத்தை எப்படியோ சமாளித்தேன். தேர்வன்று ஒரு நாய் குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தவன் மிதித்தபடியே இருந்தேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள்; காலை எடுக்க முடியவில்லை. தோற்று வந்த என் தோளைத் தட்டி, பயிற்சி தந்த டெக்லன் "யூ ஆர் கிராண்ட்" என்றார். நம் ஊரில் கிராண்ட் என்றால் பட்டுச்சேலையும் பந்தலும். கேலி செய்கிறார் என்று நினைத்து, அறைக்கு நடந்தேன். 'பரவாயில்லை, கவலைப்படாதே' என்பதற்கு இவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று பிறகே தெரிந்தது.

போனில், ஊரிலிருந்த செல்வியிடம், "பயம் போகல. இது எனக்கு வாய்க்காது" என்றேன்.

"எனக்கு மட்டும் போயிருச்சா?" என்றாள். "ஒங்கள ஏத்திக்கிட்டு ஒரு நாளாவது பயப்படாம ஓட்டியிருக்கேன்னு நெனச்சியளா? லாரி வந்தா தாயேன்னு கத்தணும்போல இருக்கும். பொறத்தால நீங்க இருக்கியளேன்னு வாய மூடிக்கிட்டுப் போவேன்."

கண்ணை மூடியிருந்தவனுக்கு அவள் பயந்தது எப்படித் தெரியும்? பயம் போகட்டும், பொறவு பார்க்கலாம் என்று நான் காத்திருந்தேன். அவளோ பயத்தோடுதான் என்னைச் சுமந்திருக்கிறாள். விபத்துக்குப் பிறகு சாமி கும்பிடுவதையே விட்டிருந்த நான், மறுநாள் கைகூப்பினேன். பயத்தை எடுத்துவிடு என்று கேட்கவில்லை; அது இருந்துவிட்டுப் போகட்டும், கை மட்டும் என் சொல் கேட்கட்டும் என்றேன். டெக்லனிடம் போய், "ஒன் மோர்" என்றேன். "கிராண்ட்" என்றார். இந்த முறை புரிந்தது.

அடுத்த தேர்வில் தேறினேன். முதல் நாள் ஆட்கள் ஏறியபோது கை நடுங்கத்தான் செய்தது. நடுங்கிய கையோடே வண்டியை எடுத்தேன்.

இப்போது என் பேருந்து தினமும் ஒரு மேட்டிலிருந்து ஆற்றுப் பாலத்தை நோக்கி இறங்குகிறது. தேவாலயக் கோபுரம் தென்பட்டதும், வில்லிபுத்தூர் வந்துவிட்டதென்று கால் தானாக வேகத்தைக் குறைக்கிறது. விடுமுறையில் ஊருக்குப் போனால், வில்லிபுத்தூர்க் கோபுரம் தெரிந்ததும், அதற்கப்பால் வரவேண்டிய கார்க் ஆற்றுப் பாலத்தைக் கண் தேடுகிறது.