சாடியின் சத்தம்

எழுதிப் பழக்கமில்லை, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். மகனோடு வந்து இருக்கிற வெளிநாட்டு ஊரான விட்பியில் பக்கத்து வீட்டு இத்தாலிக்காரர் தன் மலைக்கிராமத்துத் திராட்சையைப் பின்வளவில் வளர்க்கிறார். வேலிக்கு மேலால் ஒரு வாளி பழம் தந்தார். பிசைந்து, சீனி சேர்த்து, பேஸ்மென்டில் சாடியில் வைத்தேன். மறுநாள் உள்ளே குமிழி விடுகிற சத்தம் கேட்டது.

எங்கள் சொந்த ஊர் இளவாலையில் ஐயாவும் பந்தல் திராட்சையில் நத்தார்ப் பண்டிகைக்கு வைன் போடுவார். சாடியில் காதை வைத்து, "கதைக்குது, திறக்காதேங்கோ" என்பார். "நான் சொன்னாக் கேக்காத மனிசன், சாடிக்குக் காது குடுக்குது," என்று அம்மா சிரிப்பார்.

மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் நானும் தினமும் காதை வைத்தேன். இன்று சத்தம் நின்றுவிட்டது. சத்தம் நின்றால் வைனை வடித்துவிட வேண்டும், மனம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் சீனி போட்டால் திரும்பக் கதைக்கும் என்று ஐயா சொன்னதாக ஞாபகம். அது சரியா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.