நான் எழுதிய வெற்றிக் கதை

நான் எழுதியதை ஒரு ஆளாவது கடைசி வரிவரைக்கும் வாசித்தது ஒரே ஒரு தடவைதான். அதனால் ஒரு பிள்ளையின் கணித வகுப்பு நின்றுபோனது. பரீட்சைக்குப் பதினோரு கிழமை இருக்கும்போது நின்றது. இன்றைக்கும் வேலைக்கு விண்ணப்பம் போடும்போது 'அனுபவம்' என்ற இடத்தில் அந்த ஆறு மாதத்தைத்தான் வெட்கமில்லாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் மாத்தளை டவுனில் பிறந்து வளர்ந்தவள். சமூகப்பணி டிப்ளோமா படித்தபோது, முடிவில் ஆறு மாதம் எங்காவது பயிற்சி செய்து சர்டிபிகேட் கொண்டுவந்தால்தான் பட்டயம் என்றார்கள். ஒரு தொண்டு நிறுவனம் என்னை எடுத்துக்கொண்டது. கராம்பும் மிளகும் வாங்கி விற்கும் கடையொன்றின் மேல்மாடியில் அவர்களுடைய நிலையம். மத்தியானம் ஏறிப்போனால் சாயங்காலம் இறங்கும்போது முந்தானையெல்லாம் கராம்பு மணக்கும். சண்டைக் காலத்தில் இந்தியாவுக்கு அகதியாகப் போய், அங்கே முகாமிலேயே பிள்ளை பெற்று வளர்த்து, இப்போது ஊர் திரும்பியிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே வருவார்கள். பள்ளிக்கூடம் விட்டபிறகு அவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டும். என் பங்குக்குக் கணிதம் வந்தது.

வந்த பிள்ளைகளில் மூத்தவளுக்குப் பதினாறு வயது. அவளுடைய குடும்பம் ரத்தோட்டைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் இருந்த அப்பாவின் அக்கா வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தது. இங்கே பிள்ளைகள் எல்லாரும் 'டீச்சர்' என்று கூப்பிட, அவள் மட்டும் தமிழ்நாட்டுப் பழக்கத்தில் 'மிஸ்' என்பாள். மற்றதுகள் சிரிக்கும். அவள் மாற்றிக்கொள்ளவில்லை. எனக்கும் அது பிடித்திருந்தது.

கணக்கு அவளுக்கு வராமல் இல்லை. சில கணக்கை என்னைவிட வேகமாகப் போடுவாள். ஆனால் இங்கத்திய பாடத்திட்டத்தில் பாதி அவள் கண்ணால் காணாதது. பள்ளிக்கூடத்தில் கணித டீச்சர் மாற்றலாகிப் போய், அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. டவுனில் டியூஷனுக்குப் போக வசதியில்லை. பதினோராம் வகுப்பு முடிவில் வரும் ஓ.எல். பரீட்சையில் கணிதம் சித்தியடையாவிட்டால் மேலே ஏ.எல். படிக்க முடியாது. ஆக, அவளுடைய படிப்பு அந்த மிளகுக் கடை மேல்மாடியில் கிழமைக்கு மூன்று நாள் நடந்த இரண்டு மணித்தியாலத்தைத்தான் நம்பியிருந்தது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பரீட்சை எழுத வேண்டுமென்றால் அடையாள அட்டை வேண்டும். அடையாள அட்டைக்குக் குடியுரிமைப் பத்திரம் வேண்டும். அவள் பிறந்தது இந்தியாவில். அங்கே அவள் இலங்கை அகதி, இங்கே வந்தால் இந்தியாவில் பிறந்த பிள்ளை. அவளுடைய அப்பாவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. அதனால் அரசாங்க அலுவலகங்களுக்கு நான் கூடப் போனேன். எத்தனை தடவை என்று கேட்காதீர்கள். ஒரு ஐயா அடுத்த மேசையைக் காட்டுவார், அடுத்த மேசை அம்மா லீவில் இருப்பார். நான் சிங்களத்தில் நன்றாகச் சண்டை பிடிப்பேன். அந்தத் திறமை வாழ்க்கையில் ஒழுங்காகப் பயன்பட்டது அந்த மூன்று மாதம்தான்.

பத்திரம் கையில் கிடைத்த அன்றைக்கு அப்பாக்காரர் நேராகப் போட்டோக் கடைக்குப் போய் அதை லேமினேட் செய்துவிட்டார். செய்யக் கூடாது, ஒரிஜினலில் முத்திரை குத்த வேண்டி வரும் என்று சொல்லவந்தேன். அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

நிலையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மாதம் ஒரு தடவை பயிற்சிக்கு வந்த ஒவ்வொருவரும் 'வெற்றிக் கதை' ஒன்று எழுத வேண்டும். ஒரு பக்கம், ஒரு படம். முன்னர் எப்படி இருந்தாள், நாங்கள் என்ன செய்தோம், இப்போது எப்படி இருக்கிறாள். நிலையத்துக்குப் பொறுப்பான மேடம் எனக்கு முதல் நாளே விளக்கிச் சொன்னார்: "கொஞ்சம் கண்ணீர் வரணும் தங்கச்சி, ஆனா முடிவு நல்லா இருக்கணும்." இரண்டு மாதமாக நான் எழுதியது ஒன்றும் அவருக்குப் பிடிக்கவில்லை. பிள்ளைகள் பின்னம் கூட்டப் பழகினார்கள் என்று எழுதினால் யாருக்குக் கண்ணீர் வரும்?

மூன்றாவது மாதம் என்னிடம் விஷயம் இருந்தது. உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். முகாமில் பிறந்ததை எழுதினேன், அப்பாவோடு ஏறி இறங்கிய படிகளை எழுதினேன். 'இன்று முதல் அவள் அகதி அல்ல, இந்த நாட்டின் பிரஜை' என்று முடித்தேன். அந்த வரியை எழுதிவிட்டு எழும்பி நின்று வாசித்துப் பார்த்தேன். அவ்வளவு மகிழ்ச்சி. மேடத்துக்கும் கண் கலங்கிவிட்டது. கொழும்புக்கு அனுப்பினார். கொழும்பிலிருந்து அது எங்கேயோ வெளிநாட்டுக்குப் போனது.

இரண்டு கிழமையில் வகுப்புகளுக்கான புதிய பெயர்ப்பட்டியல் வந்தது. அதில் அவள் பெயர் இல்லை.

ஏதோ தவறு என்று நினைத்து மேடத்திடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்.

"தவறு இல்ல தங்கச்சி. இந்தத் திட்டம் பத்திரம் இல்லாத பிள்ளைகளுக்கு. அவளுக்குத்தான் கிடைச்சிருச்சே. நீங்கதானே எழுதினீங்க?"

"பரீட்சை முடியும்வரைக்கும் ஒரு மூலையில இருக்கட்டும் மேடம்."

"கொழும்புல இருந்து கணக்குப் பார்க்க வந்தா நான் என்ன சொல்றது? அந்த இடத்துக்கு இன்னொரு பிள்ளை வருது. அதுவும் பாவம்தானே."

அதுவும் பாவம்தான். மேடம் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

அன்றைக்கு அவள் வந்தபோது மேலே ஏறவிடாமல் படிக்கட்டிலேயே நிறுத்திச் சொன்னேன். கேட்டுக்கொண்டு நின்றாள். அழவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள்.

"மிஸ், அந்தப் பேப்பர திருப்பிக் குடுத்துட்டா சேத்துக்குவாங்களா?"

பட்டியலில் பெயர் போனது என் எழுத்தால் என்பதை அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, "சனிக்கிழமை காலையில நான் உங்க வீட்டுக்கு வந்து சொல்லித் தாறேன். பரீட்சை முடியும்வரைக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் வாறேன்" என்றேன். யாரும் கேட்காமல் நானே சொன்னேன். அவள் முகம் தெளிந்துவிட்டது.

முதல் சனிக்கிழமை போனேன். பஸ்ஸை விட்டிறங்கினால் ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து இறங்கிய பனியில் எதிரில் வரும் ஆள் தெரியாது. அவள் ரோட்டிலேயே நின்று கூட்டிப்போனாள். லயத்தின் முன்பக்கம் பாய் விரித்து, மத்தியானம்வரைக்கும் அட்சரகணிதம் செய்தோம். அவளுடைய அம்மா இரண்டு தரம் பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார்.

திங்கட்கிழமை, கூடப் பயிற்சி செய்த பெண்ணிடம் நான் பெருமையாக இதைச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை மேடம் கூப்பிட்டார். சேர்ந்த அன்றைக்கு நான் கையெழுத்து வைத்த காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். நிலையத்துப் பிள்ளைகளை வெளியே தனியாகச் சந்திக்கக் கூடாது என்று அதில் இருந்தது.

"அவதான் இப்ப நம்ம பிள்ளை இல்லையே மேடம்" என்றேன்.

"விலகின பிள்ளைக்கும் ஒரு வருஷத்துக்கு இந்தச் சட்டம்தான். வாசிச்சுப் பாருங்க. உங்க சர்டிபிகேட்ல நான்தானே கையெழுத்து வைக்கணும்? என்னைச் சங்கடத்துல மாட்டாதீங்க."

வீட்டில் உம்மாவிடம் சொன்னேன். "முதல்ல உன்ட சர்டிபிகேட்ட எடு மகள், பிறகு ஊருக்கு நல்லது செய்" என்றார். அவர் அப்படிச் சொல்வார் என்று தெரிந்துதான் போய்க் கேட்டேன்.

அடுத்த சனிக்கிழமை நான் போகவில்லை. வரமாட்டேன் என்று சொல்ல போனை இரண்டு மூன்று தடவை எடுத்தேன். என்ன காரணம் சொல்வது என்று வெட்கப்பட்டு வைத்துவிட்டேன். கொஞ்ச நாள் கழித்து இரண்டு பழைய வினாத்தாளை வாட்ஸப்பில் அனுப்பினேன். 'தேங்க்ஸ் மிஸ்' என்று வந்தது. எப்போது வருவீர்கள் என்று அவள் கேட்கவில்லை. நல்லவேளை என்று நினைத்தேன், விளங்கிக்கொண்டுவிட்டாள் என்று. மனிதருக்குத் தன்னை ஏமாற்றிக்கொள்ளச் சாட்டுக்கா பஞ்சம்.

எனக்குச் சர்டிபிகேட் கிடைத்தது. நிறுவனத்தின் ஆண்டுப் புத்தகத்தில் என் வெற்றிக் கதை முதுகுப்புறம் எடுத்த அவளுடைய படத்தோடு வழவழப்பான தாளில் வந்தது. அவளுக்கும் பெறுபேறு வந்தது. அவளே போனில் அனுப்பினாள். தமிழுக்கு ஏ, வரலாற்றுக்கு பி, விஞ்ஞானத்துக்கு சி. கணிதத்துக்கு டபிள்யூ. டபிள்யூ என்றால் சித்தியில்லை.

அந்தச் சனிக்கிழமையே பஸ் ஏறினேன். இப்போது எனக்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லையே. ரோட்டில் யாரும் நிற்கவில்லை. வழி கேட்டுக்கொண்டு போனேன். அவள் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். டவுனில் ஒரு துணிக்கடையில் சேர்ந்து ஒரு கிழமையாம். தலையை நேர்வகிடெடுத்து வாரி, கடைச் சட்டை போட்டிருந்தாள். திடீரென்று வயது கூடின மாதிரி இருந்தது.

"மறுபடி எழுதலாம். இந்தத் தரம் கட்டாயம் நான் வந்து சொல்லித் தாறேன்" என்றேன்.

"வேணாம் மிஸ், உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றாள். கோபமே இல்லை. கடைக்கு வருகிறவர்களிடம் பேசப் பழகிய மரியாதை அது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று முன்னால் போய்விட்டாள்.

அவளுடைய அம்மா எனக்குத் துணையாக ரோடுவரைக்கும் வந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு, வர முடியாமல் போனதற்கு ஏதேதோ காரணம் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"வர முடியலன்னா பரவாயில்லங்க மிஸ், வேலை இருக்கும்தானே. வரலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பதான் நம்ம தோட்டத்து மேல் டிவிஷன்ல ஒரு சாரு, சனிக்கிழமை காலையில புள்ளைங்களுக்குச் சும்மாவே கணக்குச் சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சாருங்க. நாங்க போகச் சொன்னோம். மிஸ் வந்து நம்மளக் காணாம திரும்பிப் போயிருவாங்கன்னு, பரீட்சை வரைக்கும் அவ ஒரு நாளும் போகலங்க."