பதினான்கு இறாத்தல் சுருள்வில்

பனிநாட்டு ஊரான ஹொல்ம்லியாவின் முதியோர் இல்லத்தில் சமைக்கும் புஷ்பமலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கைத்துப்பாக்கி சுடுகிறாள் என்றால் கோயிலில் பாதிப்பேர் நம்பமாட்டார்கள். மீதிப்பேர் அவள் கணவர் இரவீந்திரனை இரக்கத்தோடு பார்ப்பார்கள். வெடிச்சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு வந்த மனிதர் அவர். சுடுகழகம்வரை கார் ஓட்டுவார். அங்கே உள்ள எதையும் தொடமாட்டார்.

2006 தொடக்கத்தில் கழகத்தின் பெண்கள் அணியில் ஓர் இடம் காலியானது. அது அவளுக்கு வேண்டும். மூன்று வாரத்தில், திறந்தவெளியில், தேர்வு. இடையில் துப்பாக்கி சிக்கினால் எல்லாம் போச்சு. அதுவோ சிக்கிக்கொண்டே இருந்தது. மணிக்கட்டு நோவுக்காக அவள் வெடிமருந்து குறைந்த தோட்டா போடுகிறவள். உள்ளே இருந்த சுருள்வில் பதினாறு இறாத்தல், அதாவது பதினாறு பவுண்டு அழுத்தம்; அந்தத் தோட்டாவுக்கு அது விறைப்பு. சுட்டதும் பின்னே போய்வர வேண்டிய மேல்பாகம் முழுக்கப் பின்வாங்காமல், தோட்டாவின் வெற்றுக்கோது நடுவில் மாட்டிக்கொள்ளும்.

பதினான்கில் ஒன்றும் பன்னிரண்டில் ஒன்றுமாக இரண்டு சுருள்வில் வாங்கினாள்.

“ஊர்ப் பேக்கரியிலை இறாத்தல் கணக்கிலை பாண்தானே வாங்கிறது,” என்று கேலி செய்தார் இரவீந்திரன்.

கழகத்தின் சூடான மண்டபத்தில் பன்னிரண்டு அருமையாக ஓடியது. இழுக்கவும் சுகம். பயிற்றுநர் ஓட்வார் அதையே போடச் சொன்னார். அவள் மட்டும் தலையாட்டவில்லை. இரவீந்திரனிடம் திரும்பினாள்.

“வில் மேல்பாகத்தைப் பின்னாலை போக விட்டாப் போதுமோ? திரும்ப முன்னுக்குத் தள்ளி மூடவும் வேணும். வெளியிலை குளிரப்பா.”

எல்லோரும் உள்ளே கோப்பி குடிக்க, வெறுமையாக்கிய துப்பாக்கியை அவள் வெளியே மேசையில் ஆறவைத்தாள். துப்பாக்கியைத் தனியே விடக்கூடாது என்று அவள் நின்றாள். பெண்டாட்டியைத் தனியே விடக்கூடாது என்று அவரும் நின்றார். உள்ளிருந்து வாஃபிள் வாசம் வந்துகொண்டிருந்தது. அவர் முணுமுணுத்தபடி காலை உதறினார்.

ஆறிய துப்பாக்கியில் பன்னிரண்டு காலை வாரியது. மேல்பாகம் சோம்பலாக முன்னே வந்து, மூடுவதற்குச் சற்று முன் நின்றது. குளிரில் தடித்த எண்ணெயைத் துடைத்துப் பார்த்தாலும் இடைக்கிடை அதே கதைதான். பதினான்கைப் போட்டு, மறுபடி ஆறவைத்துச் சுட்டாள். ஒன்றுகூடச் சிக்கவில்லை.

ஆனால் பதினான்கை இழுப்பது அவள் மணிக்கட்டுக்குக் கஷ்டம். இடக்கையால் மேல்பாகத்தை இறுகப் பிடித்து, வலத்தோளின் பலத்தால் பிடியை முன்னே தள்ளிப் பழகினாள். வீட்டில் வெறுந்துப்பாக்கியோடு ஒரு வாரம் அதே வேலை. மணிக்கட்டு வீங்கியது.

“உமக்கு ஏன் இந்த வீண்வேலை?” என்று கேட்டுக்கொண்டே இரவீந்திரன் தைலம் தேய்த்தார்.

“எனக்கு அந்த இடம் வேணும்.”

இவ்வளவு பிடிவாதமான ஒருத்தி தன்னோடு இத்தனை வருஷம் பருப்புக் கறி சமைத்துக்கொண்டு இருந்திருக்கிறாளே என்று அவருக்குப் பெருமையாகவும் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

தேர்வன்று மூச்சே புகையாக வந்தது. அவள் சுட்டாள், துப்பாக்கி ஒருமுறைகூட நிற்கவில்லை. ஓட்வார் இலக்குத் தாளைப் பார்த்துவிட்டு வந்து அவளிடம் கை நீட்டினார். இடம் அவளுக்குத்தான்.

சுடுவரிசை ஓய்ந்து, வரிசைக்குள் போகலாம் என்று ஓட்வார் சொன்னதும் இரவீந்திரன் அவள் நின்ற இடத்துக்குப் போனார். வலப்பக்கம் வெண்பனியில் வெற்றுக்கோதுகள் குவியலாகக் கிடந்தன. அவர் கையுறையைக் கழற்றிவிட்டுக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

“எல்லாம் ஒரே இடத்திலை விழுந்திருக்கு,” என்றார்.

“விடுங்கோ, நான் எடுக்கிறன்.”

“நீர் கையை ஆறவிடும்,” என்றவர் அடுத்த கோதை எடுத்தார்.